மஞ்சள் கட்டத்துக்கு வெளியே

சட்டம் எழுதுகிறவர்கள் யாரையாவது மனசில் வைத்துக்கொண்டுதான் எழுதுவார்கள் போல. சிங்கப்பூரின் ஷேர் சைக்கிள் சட்டத்தை எழுதியவர் மனசில் இருந்தது நான்தான். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

2017-ல் ஓபைக், ஓஃபோ, மோபைக் என்று மஞ்சளும் ஆரஞ்சுமாக சைக்கிள்கள் வந்து இறங்கின. ஸ்டாண்டு கிடையாது, சாவி கிடையாது. ஆப்பைக் காட்டினால் பூட்டு திறக்கும், போய்ச் சேர்ந்த இடத்தில் விட்டுவிட்டு நடையைக் கட்டலாம். ‘எங்கு வேண்டுமானாலும்’ என்றதை நாட்டிலேயே அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவன் அடியேன்.

ஒருநாள் வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், லிஃப்ட் வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்புகிறேன், சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். “தம்பி, எந்த மடையன் இதை இங்க வச்சது?” “தெரியல அங்கிள், பொறுப்பே இல்லாத ஜனங்க” என்று அவரோடு சேர்ந்து திட்டினேன். திட்டிக்கொண்டே சைக்கிளைத் தூக்கி ஓரமாக வைத்தேன். “நல்ல பிள்ளை” என்றார். மறுக்கவில்லை.

என்னைப் போன்ற நல்ல பிள்ளைகள் ஊரில் ஏராளம். நடைபாதை, புல்வெளி, கால்வாய் என்று சைக்கிள் கிடக்காத இடமில்லை. 2018 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இனி நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் உரிமம் வாங்கினால்தான் தொழில். எத்தனை சைக்கிள் விடலாம் என்பதை ஆணையமே முடிவு செய்யும், கண்டபடி கிடப்பதை அள்ளிப்போவது கம்பெனியின் வேலை. விதி மீறினால் கம்பெனிக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம். ‘சரியான தண்டனை!’ என்று காபிக்கடையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னேன். என் சைக்கிள் அப்போது காபிக்கடை வாசலை மறித்துக்கொண்டு நின்றது.

அந்த ஜூனிலேயே ஓபைக் கடையைக் கட்டியது. 49 வெள்ளி முன்பணம் கட்டியிருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். எனக்கு அதில் ஒரு காசு நஷ்டமில்லை. ‘அப்பவே தெரியும்’ என்று ஆபீஸில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் என் கார்டு காலாவதியாகி இருந்ததால் முன்பணம் போகவே இல்லை.

2019 ஜனவரியில், ஓட்டுகிறவர்களுக்கான விதியாக வந்தது என் பங்கு. ஜிபிஎஸ்ஸை நம்பினால் சைக்கிள், நிறுத்துவதற்கென்று வரைந்த மஞ்சள் கட்டத்துக்கு உள்ளே நிற்கிறதா, வெளியே நிற்கிறதா என்று சரியாகத் தெரியாது. அதனால் நிறுத்துமிடத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்துதான் பயணத்தை முடிக்க வேண்டும். செய்யாவிட்டால் ஐந்து வெள்ளி. ஓராண்டில் மூன்று தடவை மாட்டினால் அந்தக் கம்பெனி மட்டுமல்ல, எல்லாக் கம்பெனிகளும் கொஞ்ச நாளைக்குக் கதவைச் சாத்திவிடும். மளிகைக்கடையில் கடன் சொன்னவன் பெயரைத் தெரு முழுக்க எழுதி ஒட்டுவது மாதிரி.

நான் சும்மா விடவில்லை, ஸ்கேன் செய்தேன். மழைத் தூறல், கண்ணாடியில் நீர், போனில் சார்ஜ் கடைசி மூச்சில். பலகையில் இருந்த கோடுக்குப் போனைக் காட்டினேன், ஒரு பக்கம் திறந்தது. டெங்கிக் கொசு எங்கெல்லாம் முட்டையிடும் என்று விளக்கமாகப் போட்டிருந்தார்கள். பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கக்கூடாதாம். சைக்கிளின் கோடு பக்கத்துக் கம்பத்தில் இருந்ததாம்.

ஐந்து வெள்ளி போனது. விடுவேனா? மறுநாள் நியாயம் கேட்டு நீளமாக எழுதி, ஆதாரத்துக்குப் போட்டோவும் இணைத்தேன். அனுப்பிய பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்சக்கரம் மஞ்சள் கட்டத்தில், பின்சக்கரம் புல்லில். எனக்கு எதிரான சாட்சியை நானே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறேன்.

சைக்கிள் வேண்டாம், மின்ஸ்கூட்டர் வாடகைக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த திட்டம் போட்டேன். 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் ஸ்கூட்டருக்கே தடை. வாடகை ஸ்கூட்டர் உரிமம் கேட்டு வந்த விண்ணப்பங்களையும் ஆணையம் ஒட்டுமொத்தமாக நிராகரித்தது. என் ஓட்டும் லட்சணம் அவர்கள் காதுக்குப் போயிருக்க வேண்டும்.

அதே வருஷம் ஓஃபோவின் உரிமம் ரத்தானது, மோபைக்கும் விடைபெற்றது. இப்போது எனிவீலும் ஹலோரைடும் ஓடுகின்றன. கம்பெனிகள் வரும், போகும். சரியாக நிறுத்தத் தெரியாத வாடிக்கையாளன் மட்டும் நிரந்தரம். அவனுக்கு உரிமம் கொடுக்கவும் ஆளில்லை, ரத்து செய்யவும் ஆளில்லை.

ஆகவே, உங்கள் புளோக் பக்கம் கட்டத்துக்கு வெளியே ஒரு சைக்கிள் குறுக்கே நின்றால், திட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மறுபடி மாட்டினால் நான் ஆபீஸுக்கு நடந்துதான் போக வேண்டும்.