நடந்துபோக அனுமதி கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
கடைவீதியில் நடந்துபோகும் பழக்கத்தை இன்னும் விடாதவர்கள்,
நரிக்குடி, திருச்சுழி வட்டம்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
தார் விளிம்புக்கும் கடை வாசல்படிக்கும் இடைப்பட்ட நிலத்துக்குப் பொறுப்பான உயர்திரு அலுவலர் அவர்கள்.
(அலுவலகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சேர்ப்பித்துவிடவும்.)

பொருள்: வாகன நிறுத்துமிடமாகச் சிறப்பாகச் செயல்பட்டுவரும் பொதுச்சாலையில், மனிதர் நடந்துபோக இரண்டடி அகலம் ஒதுக்கித் தர வேண்டுதல் தொடர்பாக.

பார்வை:
1. மோட்டார் வாகனச் சட்டம், 1988.
2. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994.
3. எதிரே வரும் கரி லோடு லாரி.

ஐயா / அம்மா,

தங்கள் பெயரும் பதவியும் தெரியாமல் மனு எழுதுகிறோம், பொறுத்தருள்க. விசாரிக்காமல் இல்லை. தார் நெடுஞ்சாலைத் துறையுடையது. சாக்கடை ஊராட்சியுடையது. சாக்கடைக்கு அந்தப் பக்கம் கிடக்கும் மண், புறம்போக்கு என்ற முறையில் வருவாய்த் துறையின் கணக்கில் இருக்கிறது. மண்ணில் நிற்கும் வண்டியின் ஆர்.சி. புத்தகத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் பொறுப்பு. அதை ஓட்டி வந்தவர், டீக்கடையிலிருந்து திரும்பி வந்துவிட்டால், காவல் துறையின் பொறுப்பு. வண்டி நிழலில் படுத்து அசைபோடும் வெள்ளாட்டுக்குக்கூடக் கால்நடைத் துறை இருக்கிறது. அந்த வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்வதற்குத்தான் துறை அகப்படவில்லை. அப்படி ஒரு துறை இருந்தே ஆக வேண்டும், அதற்கு ஓர் அலுவலரும் இருந்தே ஆக வேண்டும் என்ற நம்பிக்கையில் தங்களுக்கு இதை எழுதுகிறோம்.

முதலில், சாலையின் தற்போதைய அனுபவதாரர்கள் யார் யார் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

முதல் அனுபவதாரர் சீமைக் கருவேலம். இதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் உத்தரவு போட்டது. உத்தரவின் நகல் மரத்துக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது; தார் விளிம்பு வரை வந்து எட்டிப் பார்க்கிறது. அந்த மரத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி, ஆள் உயரத்துக்கு மேல் ஆள் உயரம் ஏற்றிப் போகும் லாரியும் அதே ஓரத்தில்தான் நிற்கிறது. ஆக, மரமாக நின்றாலும் மூட்டையாகக் கிளம்பினாலும் ஓரம் கருவேலத்துக்கே பாத்தியம்.

அடுத்தது தானியம். அறுப்பு முடிந்ததும் குதிரைவாலியும் உளுந்தும் தாரில் வந்து படுக்கும். போகிற வண்டியெல்லாம் கூலி கேட்காமல் மிதித்துக் கொடுக்கும். சம்சாரியைக் குறை சொல்ல மாட்டோம். எட்டிய தூரத்தில் உலர்களம் இருந்தால், ரோட்டில் காயப்போட்டுவிட்டு லாரிக்கும் காற்றுக்கும் பயந்து காவல் கிடக்க வேண்டும் என்று அவருக்கு என்ன வேண்டுதலா? சங்கடம் என்னவென்றால், தானியத்தை வாரிக்கொண்டு போன பிறகும் காவலுக்கு வைத்த கல் அங்கேயே இருக்கும். அது இருக்கிறது என்பதை இருட்டில் பைக்கில் வருகிறவர் கண்டுபிடித்துச் சொல்வார். பின்விளக்கும் சிவப்பு ஸ்டிக்கரும் இல்லாமல் நிற்கும் டிராக்டர் டிரெய்லரைக் கண்டுபிடிப்பதும் அவரே.

மூன்றாவது, வங்கி வாசல். நூறு நாள் வேலைக் கூலி எடுக்க வரும் பாட்டிமார்கள், மூன்று வரிசையாக நிற்கும் பைக்குகளைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டுக்கு வந்துதான் வங்கிப் படியை அடைய முடியும். நான்காவது, பேருந்து நிறுத்தம். நிறுத்தம் ஓரத்தில் இருக்கிறது. பேருந்து நடுச்சாலையில் நிற்கிறது. இரண்டுக்கும் இடையே டாட்டா ஏஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அந்த இடுக்கில் புகுந்து ஓடிப் படியில் தொற்றிக்கொள்கிறார்கள். விளையாட்டு மைதானம் கேட்டு இதுவரை தொந்தரவு செய்யாத பிள்ளைகள் அவர்கள்.

இத்தனை பேரும் முன்னமே வந்து இடம் பிடித்தவர்கள். நடப்பவர்களாகிய நாங்கள் கடைசியாக வந்திருக்கிறோம். ஆகவேதான் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கிறோம்.

சட்டம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். சட்டத்துக்குக் குறைவே இல்லை. வண்டி நிறுத்தும் இடங்களை உள்ளாட்சியைக் கலந்துகொண்டு தீர்மானிக்கலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு. பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ ஆகும்படி வண்டியைப் போட்டுவிட்டுப் போகக் கூடாது என்கிறது 122. தடை செய்த இடத்தில் நின்றாலோ, பத்து மணி நேரம் கேட்பாரற்றுக் கிடந்தாலோ இழுத்துக்கொண்டு போகலாம் என்கிறது 127. பத்து மணி நேரம் என்று எழுதியவர் எங்கள் ஓட்டுநர்களை நன்கு அறிந்தவராக இருக்க வேண்டும். ஒன்பதாவது மணியில் ஒருவர் வந்து, வண்டியை நாலடி முன்னே நகர்த்திவிட்டு, அடுத்த டீயைக் குடிக்கப் போவார்.

பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல், மருத்துவமனை வாசல், வளைவு, ஏற்கெனவே நிற்கும் வண்டிக்கு நேர் எதிர்ப்பக்கம், இங்கெல்லாம் நிறுத்தக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளே வரிசையாகச் சொல்லிவிட்டன. நரிக்குடி கடைவீதியில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டு போய் எழுதியது போல அத்தனை துல்லியம். பொதுவழியை மறித்தால் ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவு. டெல்லியிலிருந்து இங்கே வந்து சேரும்போது இத்தனையும் சுருங்கி ஒரே உரையாடலாகிவிடுகிறது.

“வண்டிய எடுப்பா.”

“இங்க நிறுத்தக் கூடாதுன்னு போர்டு எங்க இருக்கு ஏட்டய்யா?”

“போர்டு இல்லைன்னா என்ன, நான் நிக்கிறேன்ல.”

“நீங்க நிக்கிறீங்க, சரி. நான் எங்க நிறுத்த?”

இந்தக் கடைசிக் கேள்விக்கு ஏட்டய்யாவிடம் பதில் கிடையாது. நியாயமாக அது அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இல்லை. தங்களிடம் கேட்க வேண்டியது. இடத்தைக் காட்டாமல் அபராதச் சீட்டை மட்டும் நீட்டினால், முதல் முறை 500, மறுமுறை 1,500 என்று கட்டிவிட்டு ஓட்டுநர் அதே இடத்தில்தான் வந்து நிற்பார். வேறு எங்கே போவார்? ஜப்பானில் 1962-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. கார் வாங்குகிறவர் அதை நிறுத்த இடம் இருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும். நம் பக்கத்தில் புது வண்டிக்கு நாலு எலுமிச்சம்பழம் இருந்தால் போதும். நிறுத்துவதைப் பற்றிய கவலையைப் பழம் நசுங்கியதோடு விட்டுவிடுகிறோம்.

நிர்வாகத்துக்கு இதெல்லாம் தெரியாது என்றும் நாங்கள் நினைக்கவில்லை. அக்டோபர் 27 காளையார்கோவில் குருபூஜை, 30 பசும்பொன் குருபூஜை. அந்த வாரத்தில் எந்த ஊர் வண்டி எந்தப் பாதையில் போக வேண்டும், எதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சுற்று மாவட்டங்களுக்கெல்லாம் அறிவிப்பு வரும். சோதனைச் சாவடி முளைக்கும், கேமரா முளைக்கும், கட்டை கட்டுவார்கள். வண்டிகளும் வாலைச் சுருட்டிக்கொண்டு சொன்ன இடத்தில் நிற்கும். ஆகவே வித்தை கைவசம் இருக்கிறது. மீதி ஐம்பத்தொரு வாரத்துக்கு அதில் ஒரு சொட்டு தெளித்தால் போதும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. நல்ல திட்டம், இதில் கிண்டலே இல்லை. விபத்துக்குப் பிந்தைய 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்ள அரசு ஆள் போட்டுவிட்டது. விபத்துக்கு முந்தைய 48 விநாடியைப் பார்த்துக்கொள்ளும் ஆள் யார்? அவரைத் தேடித்தான் இந்த மனு.

கோயம்புத்தூர் எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன், உடைந்து வரும் எலும்புகளை ஒட்டிப் பார்த்துவிட்டு, 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில்தான் 2014-இல் சாலைப் பாதுகாப்புக்கு உச்ச நீதிமன்றம் ஒரு குழு அமைத்தது. அதே வழக்கில் 2025 மே மாதம், நடைபாதை பாதசாரியின் உரிமை, அது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்றும் சொல்லிவிட்டது. ஆக, நடந்துபோக எங்களுக்கு அரசமைப்பு உரிமை இருக்கிறது. கால் வைக்கத்தான் இடம் இல்லை.

இப்போது நரிக்குடிக்கு வருவோம். வண்டிகளை நிறுத்த வைப்பது இந்த ஊருக்குப் புதிய தொழில் அல்ல. மருது சகோதரர்கள் பிறந்த முக்குளம் பக்கத்தில்தான் இருக்கிறது. ராமேஸ்வரம் போகிற யாத்திரிகர்கள் இளைப்பாறிப் போக அவர்கள் கட்டிய சத்திரம் இந்த ஊரில் இருக்கிறது. வழிப்போக்கன் நிற்க ஓர் இடம் வேண்டும், அது வழியில் இருக்கக் கூடாது, வழியோரம் ஒதுங்கி இருக்க வேண்டும் என்பது 1801-க்கு முன்பே புரிந்த ஊர் இது. அப்போது மோட்டார் வாகனச் சட்டம் இல்லை, ஆலோசனைக் கூட்டம் இல்லை, திட்ட மதிப்பீடும் இல்லை. இல்லாத குறையால் வேலை நடந்துவிட்டது.

அந்த அறிவு முற்றாக அற்றுப் போகவில்லை. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம், ஊராட்சி செய்யக்கூடிய பணிகளில் வண்டிப்பேட்டை அமைத்துப் பராமரிப்பதையும் சேர்த்திருக்கிறது. மாட்டு வண்டியை மனத்தில் வைத்து எழுதிய வரியாக இருக்கலாம். மாட்டுக்குக் கிடைத்த மரியாதை டாட்டா ஏஸுக்குக் கிடைக்கக் கூடாது என்று அதில் எங்கும் சொல்லவில்லை. கிராம சபையில் தீர்மானம் போடலாம்தான். ஆண்டுக்கு ஆறு நாள் சபை உண்டு. ஆனால் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் என்றால் டீக்கடையில் மடக்கிக் கேட்கலாம், அடுத்த தேர்தலை நினைவூட்டலாம். அலுவலருக்குத் தேர்தல் இல்லை, மாறுதல்தான் உண்டு. அதற்கு நாங்கள் வாக்களிக்க முடியாது.

எனவே பின்வருவனவற்றை அருள்கூர்ந்து பரிசீலிக்க வேண்டுகிறோம்:

1. கடைவீதிக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு புறம்போக்கைச் சமன்செய்து, சரளை கொட்டி, ஒரு விளக்கும் போட்டு, வண்டிப்பேட்டையாக அறிவிக்கவும். முதலில் இடம், அப்புறம் அபராதம்.
2. பள்ளி வாசல், பேருந்து நிறுத்தம், சுகாதார நிலையம் மூன்றிலும் தடைப் பலகை வைக்கவும். பலகையைச் சுவரொட்டி மறைக்காத உயரத்தில் வைக்கவும்.
3. தானியத்துக்கு உலர்களம், டிரெய்லர்களுக்குச் சிவப்பு ஸ்டிக்கர்.
4. இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. அதற்கு வெளியே எங்களுக்கு இரண்டடி.
5. மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு ஆட்சியர் தலைமையில் கூடும்போது, இந்த ஓரம் யாருடையது என்று ஒரே ஒரு பெயரை எழுதி, கடைவீதியில் ஒட்டவும்.

ஐந்தில் நான்கு முடியாவிட்டாலும் ஐந்தாவதை மட்டுமாவது செய்யவும். பெயர் தெரிந்துவிட்டால் மற்ற நான்கையும் அவரிடம் நாங்களே கேட்டு வாங்கிக்கொள்வோம்.

இதுவும் இயலாதெனில், மாற்று ஏற்பாடாக எங்களை வாகனங்களாகப் பதிவு செய்துவிடக் கோருகிறோம். டி.என். 67 என்று தொடங்கும் எண் ஒன்றைக் கொடுத்தால் நெற்றியில் எழுதிக்கொள்கிறோம். முதுகில் சிவப்பு ஸ்டிக்கரும் சொந்தச் செலவில் ஒட்டிக்கொள்கிறோம். வாகனம் ஆகிவிட்டால் அப்புறம் கவலையில்லை. இந்த ஊரில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். பத்து மணி நேரத்துக்கு யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
பாதசாரிகள்.