ஊதுகுழலை மாற்றினால் உலை கொதிக்குமா?

ஊட்டியில் உறைபனி விழத் தொடங்கினால் போதும், இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளும் நடுங்க ஆரம்பித்துவிடுகின்றன. இந்த முறை பாதிக் கேள்விகள் பழைய கார்களின் ஹீட்டரைப் பற்றியவை. அவற்றிலும் பாதி, டேஷ்போர்டை எங்கே வெட்டுவது என்று கேட்பவை. ரம்பத்தைச் சற்றுக் கீழே வைத்துவிட்டுப் படிக்கவும்.

*ஜெர்மனியின் ஹம் நகரிலிருந்து ஒரு வாசகர்: என்னுடைய 1983ஆம் ஆண்டு மெர்சிடிஸ் டபிள்யூ123 டீசல் காரில் ஹீட்டரை முழுதாகத் திருகினாலும், டேஷ்போர்டின் நடுவில் உள்ள துவாரங்களில் குளிர்காற்றுதான் வருகிறது. முன்பு வைத்திருந்தவர் ஏதாவது கெடுத்துவிட்டாரா?*

அவர்மேல் பழி வேண்டாம். காரைச் செய்தவர்களே அப்படித்தான் அமைத்தார்கள். அந்த மாடலில் நடுத் துவாரங்கள் வெளிக்காற்றுக்கென்றே விடப்பட்டவை. சூடான காற்று காலடிக்கும் முன்கண்ணாடிக்கும் ஓரத் துவாரங்களுக்கும் போகும். முகத்தில் வெந்நீர்ப் பானையின் ஆவிபோல விடாமல் அடித்தால் கண் காயும், கொட்டாவி வரும். ஓட்டுநருக்கு இரண்டும் ஆகாது. சூடான காற்று எப்படியும் மேலே ஏறும் என்பதால் காலடியில் விடுவதுதான் கணக்கும்கூட. நம் பாட்டிகள் மார்கழியில் காதை மூடச் சொன்னார்கள். அந்த எஞ்சினியர்கள் பாதத்தைக் கவனித்தார்கள்.

*ஊட்டி வாசகர்: அம்பாசடரில் ஹீட்டர் வாங்கிப் பொருத்தியும் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. துவாரத்தைப் பெரிதாக்கலாமா?*

அதற்குமுன் ஒரு விசாரணை. கார் எப்போதாவது சமவெளியில் சூடேறி நின்று, பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டார்களா? நம் ஊரில் இது பழைய கைவைத்தியம். சுமார் 82 டிகிரி வரும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றவைப்பதுதான் அந்தச் சின்ன வால்வின் வேலை. அதைக் கழற்றிவிட்டால் மதுரை வெயிலில் தெரியாது. ஊட்டிக் குளிரில் எஞ்சின் சூடேறவே படாத பாடுபடும். ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டர், அவ்வளவுதான். எஞ்சின் தண்ணீர் கொண்டுவரும் சூட்டைத்தான் அது தர முடியும். அடுப்பில் கனல் இல்லாதபோது ஊதுகுழலை மாற்றிப் பயன் என்ன?

சோதிப்பது எளிது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள் (ஃபேனில் விரலை விடாமல்). சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடேறினால் தெர்மோஸ்டாட் ஒழுங்கு. முதலிலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால், வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது இருக்க வேண்டிய இடத்திலேயே இல்லை. அடுத்து ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் ஒன்று கொதித்து, மற்றது சில்லென்று இருந்தால் உள்ளே துரு அடைத்திருக்கும், அல்லது காற்றுப் பூட்டு விழுந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் கார்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. சிலவற்றில் ஹீட்டருக்கான குழாய்த் திருகு பானெட்டுக்குள்ளே, எஞ்சின் மேலேயே இருக்கும். கோடையில் மூடியவர் குளிர்காலத்தில் திறக்க மறந்துவிட்டு, ஹீட்டரைத் திட்டிக்கொண்டே ஓட்டுவார்.

*அதே வாசகர்: எல்லாம் சரி, பெரிய ப்ளோயர் போட்டால்?*

உங்கள் வண்டியில் டைனமோவா, ஆல்டர்னேட்டரா? அக்காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இருந்த லூகாஸ் சி40 டைனமோ முழுமூச்சாக உழைத்தாலும் 22 ஆம்பியர்தான் தரும். வண்டி சும்மா நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. ஹெட்லைட், வைப்பர், இக்னிஷன் எல்லாம் அதிலிருந்துதான் சாப்பிட வேண்டும். அந்தப் பந்தியில் பத்து ஆம்பியர் கேட்கும் ப்ளோயரை உட்காரவைத்தால் பேட்டரி பட்டினி கிடக்கும்.

ப்ளோயரைவிடக் காற்றுக் குழாயைக் கவனியுங்கள். 50 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 63 மில்லிமீட்டர் போட்டால் காற்று செல்லும் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. வளைவுகளைக் குறைத்து, கிழிந்த ஹோஸை மாற்றி, இணைப்பில் கிளிப் போட்டு இறுக்கினால் போதும். பல கார்களில் சூடு துவாரத்துக்கு வருவதற்குள் டேஷ்போர்டின் பின்பக்கத்தைத்தான் சுகமாக வைத்திருக்கிறது.

*கொடைக்கானல் வாசகர்: ஃபேனைப் போட்டதும் முகத்தில் கறுப்புத் தூள் பறக்கிறதே, பேய் வேலையா?*

பஞ்சு வேலை. சூடு, குளிர் இரண்டையும் பிரிக்கும் ஃப்ளாப்புகளின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஃபோம் மட்கிப் பொடியாகிறது. ஃப்ளாப் சரியாக மூடாததால் குளிர்காற்றும் கூடவே கலந்து வரும். தண்ணீர் உறிஞ்சாத ஃபோமை வெட்டி ஒட்ட நூறு, இருநூறு ரூபாய்ப் பொருள்தான் செலவு. ஆனால் அந்தப் பெட்டியை வெளியே எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போகும், வீட்டில் வாங்கும் பேச்சு தனி.

தூளுக்குப் பதிலாக இனிப்பு வாசனையும், கண்ணாடியில் பிசுபிசுப்பான பனியும், ஈரக் கார்ப்பெட்டும் இருந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

*டொரன்டோ வாசகர்: பழைய பீட்டில் வாங்கலாமா? ஹீட்டர் எப்படி?*

பீட்டிலில் ரேடியேட்டரே கிடையாது, எஞ்சின் காற்றில் குளிர்வது. எக்ஸாஸ்டைச் சுற்றிய உறையில் சூடேறும் காற்று, பின்னாலிருந்து இரண்டு பக்க அடிச்சட்டங்களின் வழியாக முன்னே வரவேண்டும். அந்தச் சட்டங்கள் துருப்பிடித்து ஓட்டையானால் சூடு முழுதும் சாலைக்குத்தான். உறைக்குள் இருக்கும் எக்ஸாஸ்ட் குழாயில் விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. டொரன்டோ குளிரில் உப்புப் போட்ட சாலையில் ஓடிய பீட்டிலென்றால், அடியில் படுத்துப் பார்க்காமல் காசை எண்ணாதீர்கள்.

*ஹம் வாசகர் மறுபடியும்: ஆகவே டேஷ்போர்டை வெட்டலாமா, கூடாதா?*

கூடாது. ஜெர்மனியில் முப்பது ஆண்டு தாண்டிய காருக்குக் கிடைக்கும் ‘எச்’ நம்பர் பலகைக்கு, வண்டி பெரும்பாலும் அசல் நிலையில் இருக்கிறதா என்று பரிசோதகர் பார்ப்பார். வெட்டிய டேஷ்போர்டைக் கண்டு அவர் புன்னகைக்க மாட்டார். ஃபோமையும் தெர்மோஸ்டாட்டையும் புதிதாகப் போட்டு, நடுத் துவாரத்தை மூடிவையுங்கள். காலுக்குக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி கூடுதலாக இருக்கட்டும்.