மலிவு விலைக் கேமிங் லேப்டாப் தேர்வில் மறைபொருள்: ஓர் ஆய்வு

முன்னுரை

மாட்டைச் சுழி பார்த்து, பல் பிடித்து, நடக்கவிட்டு வாங்கிய பரம்பரை நம்முடையது. சந்தையில் விலையைக்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகரும் வாங்குபவரும் கைமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அதற்கடியில் விரலைப் பிடித்தே பேரத்தை முடிப்பார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும்.

அந்தப் பரம்பரையில் வந்த ஒருவர் இன்று எழுபதாயிரத்துச் சொச்சம் கொடுத்துக் கேமிங் லேப்டாப் வாங்கும்போது எதைப் பிடித்துப் பார்க்கிறார்? மூடியைத் திறந்து, கீபோர்டில் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார். எரிந்தால் திருப்தி. சுழி பார்க்கும் கலை விளக்கு பார்க்கும் கலையாகத் தேய்ந்த வரலாறு இதுவரை எழுதப்படவில்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்க முயல்கிறது.

ஆய்வின் எல்லை

காலம்: சென்ற ஆண்டு ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை, பிற்பகல். களம்: சென்னை ரிச்சி தெரு. தகவலாளிகள் மூவர். முதலாமவன் என் அக்கா மகன். பொறியியல் இரண்டாம் ஆண்டு. திண்டிவனத்து வீட்டிலிருந்து தினமும் காலேஜ் பஸ்ஸில் போய் வருபவன். இரண்டாமவர் அவன் அப்பா, மின்வாரியத்தில் போர்மேன், ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டு. மூன்றாமவர் கடைக்காரர், ஆய்வு அறம் கருதிப் பெயர் விடப்பட்டது.

முதல் தகவலாளி என்னை மாமா என்பான். இரண்டாம் தகவலாளியை நான் மாமா என்பேன். எனவே கீழே வரும் உரையாடல்களில் ‘மாமா’ என்ற சொல்லுக்கு இடம் நோக்கிப் பொருள் கொள்க.

கருதுகோள்

சந்தையில் ஒரு துண்டு இருந்தது. ரிச்சி தெருவில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. அப்பா ரூபாயை மறைக்கிறார். மகன் மணிக்கணக்கை மறைக்கிறான். கடைக்காரர் வாட்டை மறைக்கிறார். இம்மூன்று எண்களும் வெளிப்படாதவரை லேப்டாப் வாங்கலாமே தவிர, தேர்ந்தெடுக்க முடியாது.

முந்தைய நிலை

தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் முதல் லேப்டாப் கடையிலிருந்து வந்ததல்ல. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ படித்த அண்ணனோ அக்காவோ பையோடு வாங்கி வந்தது. கொடுத்ததை வாங்கிக்கொள்ளும்போது தேர்வு என்ற சிக்கலே எழுவதில்லை; சிக்கல் இல்லாத இடத்தில் ஆய்வும் இல்லை. ஆகவே நமக்கு முன்னோடிகள் இல்லை. இதை ஆய்வாளர் வருத்தத்தோடும் உள்ளூர மகிழ்ச்சியோடும் பதிவு செய்கிறார்.

சொல்லாய்வு

மடியில் வைப்பதால் மடிக்கணினி. இது காரணப்பெயர். ஆனால் கேமிங் மடிக்கணினியை ஆட்டம் ஓடும்போது மடியில் வைத்தவர் மறுமுறை வைப்பதில்லை. அடிப்பக்கம் தோசைக்கல்; பக்கவாட்டுத் துளையில் வரும் காற்று மவுஸ் பிடித்த கைக்கு ஒத்தடம். ப்ளக்கைப் பிடுங்கினால் கிராபிக்ஸ் கார்டு தன் வேகத்தைப் பெருமளவு குறைத்துக்கொள்ளும் என்பதால் சுவரை விட்டு நகரவும் வழியில்லை. இரண்டரைக் கிலோ எடை, அதன் அடாப்டர் தனி. காரணம் முழுவதும் போய்விட்டபின் பெயர் மட்டும் நிற்பதால், இதை இடுகுறிப்பெயர் என்று மாற்றிக் கொள்வதே முறை.

பிறகு ஏன் டெஸ்க்டாப் வாங்குவதில்லை? அதே பணத்துக்கு அதில் கூடுதல் வேகம் கிடைக்கும் என்பது மகனுக்கும் தெரியும். விடை நம் இலக்கணத்தின் தகுதி வழக்கில் இருக்கிறது. ஹாலில் பெரிய பெட்டியாக வந்து உட்கார்ந்தால் அது ‘கேம்’. மூடி வைக்கக்கூடியதாக வந்தால் அது ‘படிப்பு’. வெளிப்படையாகச் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைப்பது இடக்கரடக்கல். அதற்கு வீடுகளில் வழங்கும் சொல் ‘ப்ராஜெக்ட்’. ஆகாததை ஆகும் சொல்லால் சொல்வது மங்கலம். ‘ஏஐ படிக்கக் கிராபிக்ஸ் கார்டு வேணும்ப்பா’ என்பது அவ்வகை. ஒரு குழுவினர் தமக்குள் வழங்குவது குழூஉக்குறி. ‘டெமோ பீஸ்’, ‘லாஸ்ட் பீஸ்’ என்று கடைக்காரர்கள் சொல்வது அது. மூன்றும் ஒரே கடையில், ஒரே மணி நேரத்தில், ஒரே பில்லின்பொருட்டு நிகழக் கண்டேன்.

உறுப்பியல்

திரை: பெட்டியில் 144 ஹெர்ட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். நொடிக்கு 144 முறை படம் மாறும் என்று பொருள். உள்ளே இருக்கும் கார்டு நொடிக்கு 60 படம்தான் வரைந்து தருமானால் மிச்சத்துக்குப் பழைய படமே திரும்ப வரும். பந்தி பெரிது, சமையல் சிறிது. அதே பெட்டியில் பொடி எழுத்தில் 45 சதவீதம் என்டிஎஸ்சி, 250 நிட் என்றும் இருக்கலாம். முன்னது நிறத்தின் அளவு. பின்னது வெளிச்சத்தின் அளவு. இவ்வகைத் திரையில் குங்குமம் செங்கல் நிறமாகும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் எதிரி எங்கே நிற்கிறான் என்று கையால் வெயிலை மறைத்துத் தேட வேண்டும்.

ரேம்: ஒரே குச்சியாகப் போட்டால் ஒற்றை மாட்டு வண்டி. அதே அளவை இரண்டு குச்சியாகப் பிரித்துப் போட்டால் இரட்டை மாடு. ஆட்டத்தில் வேகம் கூடும். ஒரு குச்சியோடு ஓர் இடம் காலியாக விட்டிருந்தால் அதைக் குறை என்று தள்ளக்கூடாது. அது தீபாவளி போனஸுக்குப் போட்டு வைத்த இடம்.

சேமிப்பு: 512 ஜிபி என்று வாங்கி வந்து விண்டோஸில் பார்த்தால் 476 என்று காட்டும். காணாமல் போன 36-ஐக் கடைக்காரர் எடுத்துக்கொள்ளவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது. ஊர்ப்படியில் அளந்து கொடுத்ததைப் பட்டணம்படியில் அளந்து பார்த்த கதை. இன்றைய பெரிய ஆட்டங்கள் சில ஒவ்வொன்றும் நூறு ஜிபிக்கு மேல் கேட்கும் என்பதால் இந்த 36-க்கு வருந்தாதவர் இல்லை.

கார்டு: ஈண்டுதான் இலக்கணம் கைகொடுக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற லேப்டாப் கார்டு 4 ஜிபி நினைவகத்தோடு ஒன்றும் 6 ஜிபியோடு ஒன்றுமாக வந்தது. முன்னதில் 2048 கணக்கிடும் கோர்கள், பின்னதில் 2560. ஆள் வேறு, பெயர் ஒன்று. இது பல பொருள் ஒரு சொல். ஆர்டிஎக்ஸ் 4050 இன்னும் நுட்பமானது. அதன் சிப் எல்லா லேப்டாப்பிலும் ஒன்றே. ஆனால் அதற்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் ஊட்டுவது என்பதை லேப்டாப் செய்பவர் தீர்மானிக்கலாம். வாட் குறைந்தால் வேகம் குறையும். மெல்லிய உடம்பும் சின்ன விசிறியும் உள்ள லேப்டாப் அதிக வாட்டின் சூட்டைத் தாங்காது என்பதால் குறைத்தே ஊட்டுவார்கள். மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் இது எதுவும் இராது. கடைக்காரரின் துண்டு என்று கருதுகோளில் சொன்னது இதையே.

கள ஆய்வு

ரயிலில் எழும்பூர் வந்து, ஆட்டோவில் ரிச்சி தெரு. மாமா வழியிலேயே சொல்லிவிட்டார்: “அறுபதுதான். அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது.”

பட்ஜெட் என்ற சொல் எவ்வளவு இழுபடும் என்பதைக் கடையில் அளந்தேன். அறுபதில் ஒன்று காட்டினார்கள். “இன்னும் அஞ்சாயிரம் போட்டீங்கன்னா 6 ஜிபி கார்டு சார்.” போட்டால், “இன்னும் அஞ்சாயிரம் போட்டா 4050-யே வந்துரும் சார்.” படிக்கட்டில் எந்தப் படியில் நின்றாலும் அடுத்த படி ஐயாயிரம்தான். ஆயிரம் என்றால் அற்பம். பத்தாயிரம் என்றால் அப்பா எழுந்துவிடுவார். ஐயாயிரம் என்பது தமிழ்நாட்டு அப்பாக்களின் மௌனத்துக்கு உரிய சரியான விலை எனத் துணியலாம்.

கடைசியில் மேசைமேல் இரண்டு நின்றன. இரண்டிலும் 4050 ஸ்டிக்கர். ஒன்று ஒல்லி, எழுபதாயிரம். இன்னொன்று தடியன், எழுபத்து நாலு.

“ரெண்டும் ஒண்ணுதான் சார். இது ஸ்லிம்மா இருக்கும், காலேஜுக்கு எடுத்துட்டுப் போக வசதி” என்றார் கடைக்காரர்.

மருமகன் தடியனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் என்று வாய்திறந்து சொல்ல அவனால் முடியவில்லை. சொன்னால் கேம் வந்துவிடும்.

அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த மாமா, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். லேப்டாப்பைத் தொடவில்லை. ஒல்லியின் அடாப்டரை எடுத்தார். புரட்டினார். அடிவயிற்றில் இருந்த பொடி எழுத்தைக் கட்டைவிரல் நகத்தால் தடவிக்கொண்டே படித்தார்.

“அவுட்புட் 20 வோல்ட், ஏழரை ஆம்பியர். 150 வாட்.”

தடியனின் அடாப்டர். “20 வோல்ட், 10 ஆம்பியர். 200 வாட்.” கடைக்காரரை நிமிர்ந்து பார்த்தார். “ஒண்ணுன்னா ஏம்ப்பா அம்பது வாட் வித்தியாசம்?”

“அது வெறும் சார்ஜர்தான் சார்.”

“சார்ஜர் பொய் சொல்லாது. மோட்டார் ஒரே மோட்டாராத்தான் இருக்கும். லோ வோல்டேஜ்ல ஓடற ஊருல தண்ணி ஏறுமா?”

கடைப்பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே இரண்டிலும் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷனைக் காட்டினான். கார்டின் உச்ச வாட் அதில் எழுதியிருந்தது. ஒல்லியில் 60. தடியனில் 95. முதல் துண்டு விலகியது. அடாப்டரின் வாட் லேப்டாப் முழுவதற்குமானது, கார்டுக்கு மட்டுமல்ல. ஆயினும் கரண்டு நிறைய வேண்டியவனே பெரிய அடாப்டரோடு வருவான் என்ற போர்மேன் நியாயம் இங்கே பொய்க்கவில்லை.

மாமா அதோடு விடவில்லை. பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் இருந்த சாதாரண லேப்டாப்பின் அடாப்டரையும் கேட்டு வாங்கினார்.

“20 வோல்ட், மூணேகால் ஆம்பியர். 65 வாட். இது படிக்கிற லேப்டாப்.” மகனைப் பார்த்தார். “உன் ப்ராஜெக்ட் என்னடா, மூணு பங்கு கனமா?”

தகவலாளி ஒன்று கடையின் மின்விசிறியை நீண்ட நேரம் நோக்கினான்.

மாமா தடியனுக்குப் பில் போடச் சொன்னார். எழுபத்து நாலாயிரம். அறுபது எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. பிறகு துணைமைச் சான்றான அக்காவை விசாரித்ததில், ஒரு மாதம் முன்பே சொசைட்டியில் எண்பதாயிரம் லோன் போட்டிருந்தார் என்பது தெரியவந்தது. இரண்டாம் துண்டு இவ்வாறு விலகியது.

முடிவுகள்

ஆய்வில் கண்டவை வருமாறு. ஸ்டிக்கரை நம்பற்க, வாட்டைக் கேட்க. கடைக்காரர் வாட்டைச் சொல்லாவிடில் அடாப்டரைப் புரட்டி வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குக. ஒல்லியானது பைக்கு நல்லது. தடியானது ஆட்டத்துக்கு நல்லது. குச்சிகளை எண்ணுக. நிறம் முக்கியமெனில் திரையின் பொடி எழுத்தைப் படிக்க. கீபோர்டின் வண்ண விளக்கை நான்காம் நாள் அணைத்துவிடுவீர்கள் என்பதால் அதற்கென்று ஐயாயிரம் கொடுக்க வேண்டா.

மூன்றாம் எண் மட்டும் அன்று வெளிப்படவில்லை. மகன் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆடுவான் என்பதைக் கடையில் வைத்து அறிய எக்கருவியும் இல்லை. இதனை இவ்வாய்வின் போதாமை என்று எழுதி, கட்டுரையை முடித்தும் வைத்திருந்தேன்.

ஐப்பசியில் மாமா போன் செய்தார். வீட்டில் கரண்டு ரீடிங் எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாமா வீட்டில் மீட்டர் அட்டைகள் பல வருடத்துக்கு அடுக்கி வைத்திருக்கும். முந்தைய வருடம் இதே இரண்டு மாதத்துக்கு எவ்வளவு என்று பார்த்துக் கழித்திருக்கிறார். வீட்டில் வேறு புதுப் பொருள் எதுவும் வாங்கவில்லை.

“மாப்ள, உன் கட்டுரையில சேத்துக்க. இந்த ரெண்டு மாசத்துல பையன் 48 யூனிட் படிச்சிருக்கான்.”

200 வாட்டில் ஐந்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 48 யூனிட்டுக்கு 240 மணி நேரம். அறுபது நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு நான்கு. லேப்டாப் எப்போதும் முழு 200 வாட்டை இழுப்பதில்லை என்பதால் உண்மைக் கணக்கு இன்னும் கூடுதலாகவே இருக்கும். இதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. போர்மேனுக்குத் தெரியாததல்ல. அவர் ‘ஆடினான்’ என்று சொல்லாமல் ‘படிச்சிருக்கான்’ என்று சொன்னார். மூன்றாம் துண்டை விலக்கியவரே அதை மடித்துத் திரும்பப் போட்டும் விட்டார்.

இது இடக்கரடக்கலா, மங்கலமா என்பது மேலும் ஆய்தற்குரியது.