நானும் ஒரு ஹெச்.பி. மோட்டாரும்

வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு எனக்கு. அதை ஜூன் மாதத்துக்குள் மென்று முடித்துவிட்டு, மீதி ஆறு மாதம் ‘முகூர்த்தம் காலை ஒன்பதுக்குள்’ என்று போட்ட கல்யாணங்களுக்கு மட்டும் போகிற ரகம் நான். ஆகவே ‘விடுப்புக் கணக்கில் கழியாத விடுப்பு’ என்று யாராவது சொன்னால், காக்காய்க்கு வடை வாசம் வந்த மாதிரி என் கழுத்து தானாகத் திரும்பும்.

அப்படி ஒன்று இருக்கிறது. அரசு ஊழியரை ஜூரராகவோ, அசெஸராகவோ, சாட்சியாகவோ கோர்ட் கூப்பிட்டால் சிறப்புத் தற்செயல் விடுப்பு தரலாம். சம்பளமும் உண்டு, சி.எல்.லும் கழியாது. ஒரே ஒரு நிபந்தனை: அந்த வழக்கில் ஊழியரின் சொந்த நலன் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது. எங்கள் ஆபீஸ் விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும் மஞ்சளாக இருக்கிறது. அது என் விரல் பட்ட மஞ்சள்.

அதில் ஜூரர் என்ற வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாக இருக்கும். 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரியை மூட்டை கட்டி அனுப்பிவிட்டது. 1974 ஏப்ரலுக்குப் பிறகு இந்த நாட்டுக் கிரிமினல் கோர்ட்டுகளில் ஜூரியும் இல்லை, அசெஸரும் இல்லை. எடுக்கவே முடியாத விடுப்பை வைத்திருப்பது பல் போனவனுக்கு முறுக்கு வைத்த மாதிரி. கொஞ்சம் முன்னால் பிறந்திருந்தால், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-ல் சென்னை ஹைகோர்ட்டில் உட்கார்ந்த ஒன்பது பேரில் நானும் ஒருவனாக இருந்திருப்பேன். எதிரிகளாக ஒரு பக்கம் நடிகர் பாகவதர், ஒரு பக்கம் நடிகர் என்.எஸ்.கே., நடுவில் சம்பளத்தோடு நான்! அந்த ஜூரி அவர்களைக் குற்றவாளிகள் என்றது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்பி வந்து, 1947-ல் இருவரும் விடுதலையானார்கள்.

“உங்களை ஜூரியில் எடுத்திருக்கவே மாட்டாங்க. அதுக்கெல்லாம் பெரிய மனுஷங்களைத்தான் கூப்பிடுவாங்க” என்றாள் மனைவி.

ஜூரியைப் பற்றிப் பேச அவளுக்கு உரிமை உண்டு. அவள் தம்பி அமெரிக்கக் குடிமகன், மாசசூசெட்ஸ்வாசி. போன வருஷம் அவனுக்கு ஜூரி அழைப்பு வந்தது. அங்கே முதல் மூன்று நாள் சம்பளத்தை முதலாளியே தர வேண்டும் என்று சட்டம். நாலாம் நாளிலிருந்து மாநில அரசு நாளொன்றுக்கு 50 டாலர் தரும். அதுவும் ஒரே நாள், அல்லது ஒரே வழக்கு, அத்தோடு சரி. மைத்துனன் காலையில் போனான், காப்பி குடித்தான், பழைய பத்திரிகை படித்தான், மத்தியானம் ‘நீங்கள் தேவையில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் சம்பளம்! தேவையில்லாதவன் என்பதற்காகச் சம்பளம் வாங்கியவன் எங்கள் குடும்பத்தில் அவன் ஒருவன்தான். எங்கள் ஆபீஸில் நானும் அப்படித்தான் வாங்குகிறேன் என்று அவள் சொன்னது வேறு விஷயம்.

இந்த ஏக்கத்தில் நான் இருந்தபோதுதான் பக்கத்து வீட்டுக்காரரின் கிணற்று மோட்டார் களவு போயிற்று. ஒரு ஹெச்.பி. மோனோபிளாக். மூன்றாம் நாளே பழைய இரும்புக் கடையில் அகப்பட்டது. மகஜரில் கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டும் என்று போலீஸ் எஸ்.எஸ்.ஐ. தெருவில் வந்து நின்றதும் தெருவே காலி. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் துணியோடு மறைந்துவிட்டார்கள். நான் மட்டும் பேனாவோடு இறங்கிப் போனேன்.

“ஒரு கையெழுத்துதான் சார். கோர்ட்டுக்கெல்லாம் கூப்பிட மாட்டாங்க” என்றார் அவர்.

“கூப்பிட மாட்டாங்களா?” என்று கேட்டேன். என் குரலில் இருந்த துக்கம் அவருக்குப் புரியவில்லை.

கூப்பிட்டார்கள். சம்மன் வந்த அன்று ஆபீஸில் அதை ஆளுக்கு ஆள் காட்டினேன். கண்காணிப்பாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “சொந்த நலன் ஏதும் இல்லைன்னு எழுதிக் கொடுங்க” என்றார். எழுதிக் கொடுத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். வராத நாளில் பக்கத்து வீட்டு மோட்டாரிலிருந்து ஒரு பச்சை ஹோஸ், காம்பவுண்டு சுவரைத் தாண்டி எங்கள் கொல்லைக்கு வரும். அன்றெல்லாம் பத்துப் பன்னிரண்டு குடம். முருங்கைக்கும் செம்பருத்திக்கும் போவது தனி. கரண்ட் பில் அவருடையது. இது சொந்த நலனில் சேருமா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மனைவிக்குத் தோன்றியது. நான் எழுதிய கடித நகலைப் படித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள். வெளியே வந்து ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பவும் உள்ளே போய்ச் சிரித்தாள்.

மோட்டாரை இடைக்காலமாக உரியவரிடமே கோர்ட் ஒப்படைத்திருந்தது. ஆனால் கேட்கும்போது கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று பாண்டு. ஆகவே வாய்தா அன்று காலை பிளம்பர் வந்து மோட்டாரைக் கழற்றுவார், முந்நூறு ரூபாய். சாயங்காலம் மாட்டுவார், முந்நூறு ரூபாய். நடுவில் பக்கத்து வீட்டுக்காரரும் நானும் மோட்டாரும் ஒரே ஆட்டோவில் கோர்ட்டுக்குப் போவோம். மடியில் மோட்டாரை வைத்துக்கொண்டு, மூச்சுத் திணறும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறவர் மாதிரி அவர் உட்கார்ந்திருப்பார்.

அவர் ஜவுளிக் கடையில் விற்பனையாளர். ஜூரரும் சாட்சியும் அவர்கள் அகராதியில் கிடையாது. தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே தற்செயல் விடுப்பாக 12 நாள் கொடுத்திருக்கிறது. கோர்ட்டானாலும் காதுகுத்தானாலும் அதிலேதான். ஆடித் தள்ளுபடி சமயத்தில் அதுவும் கிடைக்காது, சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். திருட்டுக் கொடுத்தவர் அவர், சம்பளத்தைக் கொடுப்பவரும் அவர். நான் ஓசியில் வேடிக்கை பார்க்க வந்தவன். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் உறுத்தியது. டீ வாங்கிக் கொடுத்தேன். வடை வேண்டுமா என்று கேட்கவில்லை.

முதல் வாய்தாவில் மாஜிஸ்திரேட் லீவ். இரண்டாவதில் எதிரி தரப்பு வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் தள்ளிவைப்பு இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. அது வக்கீல்களுக்கு, மின்தடைக்கு அல்ல. மூன்றாவதில் கரண்ட் போய் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் நாங்கள் வேப்பமரத்தடியில் நின்றோம். தூரத்திலிருந்து வருகிற சாட்சிக்கு உட்கார இடமில்லை, குடிக்கத் தண்ணீரில்லை, நாள் முழுக்கக் காத்திருந்து வெறுங்கையோடு திரும்புகிறான் என்று சுப்ரீம் கோர்ட்டே 2000-ல் ஸ்வரண் சிங் வழக்கில் வருத்தப்பட்டிருக்கிறது. எங்கள் விஷயத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரே கையில் இருந்தும் தண்ணீர் இல்லை. வீட்டிலும் இல்லை, அன்றெல்லாம் மனைவி தெருமுனைக் கைப்பம்பில் நிற்பாள்.

“போகாமல் இருந்துவிட்டால் என்ன?” என்று அவள் கேட்டாள். காரணமில்லாமல் வராத சாட்சிக்கு 500 ரூபாய் வரை அபராதம் போடலாம் என்றேன். அவள் பிளம்பர், ஆட்டோ, டீ எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, “அபராதம் லாபம்” என்றாள். பிடியாணையும் போடலாம் என்றதும் கொஞ்சம் யோசித்தாள். யோசித்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சாட்சிப் படி கேட்கலாம் என்று ஒரு நாள் துணிந்தேன். கிரிமினல் வழக்கில் சாட்சியின் நியாயமான செலவை அரசு தரக் கோர்ட் உத்தரவிடலாம் என்று சட்டமே சொல்கிறது. பென்ச் கிளார்க் என்னை ஏற இறங்கப் பார்த்து, “சம்பளத்தோடதானே சார் வந்திருக்கீங்க?” என்றார். என் முகத்திலேயே விடுப்பு விதி எழுதியிருந்தது போலும். ஆஜரான சான்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நாலாவது வாய்தாவில் தபேதார் என் பெயரை மூன்று முறை கூவினார். மூன்று முறையும் வேறு வேறு பெயராக இருந்தது. கூண்டில் ஏறினேன். நான் அரசு சாட்சி 3, மேசை மேல் இருந்த மோட்டார் சான்றுப் பொருள் 1. அரசு வக்கீல் இரண்டு கேள்வி கேட்டு உட்கார்ந்துவிட்டார். எதிரி தரப்பு வக்கீல் எழுந்தார்.

“நீங்கள் கண்ணியமான அரசு ஊழியர். தெருவில் யாருமே கையெழுத்துப் போடாதபோது நீங்கள் மட்டும் போட்டிருக்கிறீர்கள். இந்த மோட்டாரில் உங்களுக்கு என்ன அக்கறை?”

விடுப்புக்காக என்று சொல்ல முடியுமா? தண்ணீருக்காக என்று சொன்னால் கண்காணிப்பாளரிடம் கொடுத்த கடிதம் பொய். இல்லை என்றால் சத்தியப் பிரமாணம் பொய். மோட்டாரைப் பார்த்தேன். மோட்டாருக்குப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

“கொஞ்சம் தண்ணீர் பிடிப்போம்.”

“கொஞ்சம் என்றால்?”

கோர்ட்டே என்னைப் பார்த்தது. டைப்பிஸ்ட் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பன்னிரண்டு என்று சொல்ல வாய் வந்தது. மானம் எட்டைத் தின்றுவிட்டது.

“ஒரு நாளைக்கு நாலு குடம்.”

“நாலு குடம்” என்று மாஜிஸ்திரேட் சொல்ல, டைப்பிஸ்ட் தட்டினாள். படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் ஒன்றும் பேசவில்லை. மோட்டாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பிளம்பர் மாட்டி முடித்ததும் ஸ்விட்சைப் போட்டார். ஹோஸ் துடித்தது, தண்ணீர் வந்தது. மனைவி குடங்களை வரிசையாக வைத்தாள். அவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நான் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன்.

நாலாவது குடம் நிரம்பியதும் மோட்டார் நின்றது.