தெற்கத்தி ராக்

கேள்வி: அமெரிக்காவில் 'சதர்ன் ராக்' என்று ஒன்று உண்டாமே, நம் தெற்கில் அப்படிப் பாடுபவர் யார்?
(வாசகர், வாளையார்)

பதில்: கேள்வி கேட்டவரின் மாவட்டக்காரரே. 'அகம்' குழுவின் முதன்மைப் பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணனுக்கு ஊர் ஷொரணூர். வாளையாரிலிருந்து அதே ரயில் பாதையில், பாலக்காடு தாண்டி. பிலானி பிட்ஸில் பொறியியல் படித்தவர். 2003இல் பெங்களூரில் தொடங்கிய அகத்தில் பெரும்பாலோர் மென்பொருள்காரர்கள். வார நாளில் கோடு எழுதி, வாரக் கடைசியில் கிட்டார் முடுக்கியவர்கள்.

2007இல் சன் டிவியின் 'ஊ லலலா' போட்டியில் ஏ.ஆர். ரஹ்மானின் தேர்வாக வெற்றி. முதல் ஆல்பம் 2012இல் வந்தது. அதே ஆண்டு எம்டிவி கோக் ஸ்டுடியோவிலும் பாடினார்கள். இரண்டாவது ஆல்பம் 2017இல்.

அமெரிக்கத் தெற்கத்தி ராக்குக்கு வேர் ப்ளூஸும் கன்ட்ரி இசையும். ஹரீஷுக்கோ கர்நாடக சங்கீதம். தியாகராஜரின் நளினகாந்தி கிருதியை, ராகத்தைக் கைவிடாமல், உறுமும் எலெக்ட்ரிக் கிட்டார்களுக்கு நடுவே பாடுவார். வயலினும் வாசிப்பார். சத்தம் கூடினால் பக்தி குறையும் என்று நினைப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம். ஸ்வரம் சுத்தமாகத்தான் இருக்கிறது.

அமெரிக்கத் தெற்கத்தி ராக் குழுவான லினர்ட் ஸ்கினர்டின் பாடகர் ரானி வான் ஸான்ட் 1977இல், 29 வயதில், விமான விபத்தில் இறந்தார். ராக் பாடகருக்கு அப்படியொரு சோக சரித்திரம் வேண்டும் என்பவர்களை ஹரீஷ் ஏமாற்றிவிட்டார். அடோபி, கூகுள், கிரெட் என்று வடிவமைப்புத் துறையில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே பாடினார்.