ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குச் சூடு?

ஸ்கார்பரோ
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஒரு மாதத்துக்கு எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், இந்தக் கடிதத்தை நீங்கள்தான் வாசித்துக் காட்டுவீர்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதவே உட்கார்ந்தேன். போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டு விடுவீர்கள், தெருவே கேட்கும்.

விஷயம் இதுதான். உங்கள் சிக்கனத்தை நான் கனடாவுக்கும் கொண்டுவந்து சேர்த்தேன். கஸ்டம்ஸில் யாரும் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலில் சின்னது. இங்கே ஒண்டாரியோவில் பாலை நாலு லிட்டராகப் பையில் விற்கிறார்கள். பெரிய பைக்குள் மூன்று சின்னப் பை. மலிவு. அதை வாங்கி வீட்டிலேயே தயிர் தோய்த்தால் மாதம் இருபது டாலர் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். ஜனவரிக் குளிரில் தயிர் எங்கே தோய்கிறது? உறை ஊற்றிய பாத்திரத்தை, கேக் சுடும் 'அவன்' அடுப்புக்குள் வைத்து, அடுப்பை மூட்டாமல் உள்ளே இருக்கும் குண்டு பல்பை மட்டும் இரவெல்லாம் எரியவிட வேண்டும். தமிழ் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். என்னிடம் இருந்தது பிளாஸ்டிக் டப்பா. காலையில் உங்கள் மருமகள், உள்ளே தயிர் இருப்பது தெரியாமல், குழந்தைக்கு கேக் செய்யலாம் என்று அவனை 350-ல் மூட்டிவிட்டாள். (இந்த ஊரில் வெயிலையும் குளிரையும் செல்சியஸில் சொல்வார்கள், அவன் மட்டும் ஃபாரன்ஹீட்.) டப்பா உருகி, கம்பித் தட்டு வழியாக வழிந்து, அடியில் போய்ப் பிடித்துக்கொண்டது. புகை அலாரம் அலறியது. கரண்டியால் ஒரு வாரம் சுரண்டினேன். ஆள் கூப்பிட்டதில் 180 டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இது சுண்டைக்காய்தான். சுமைகூலி இனிமேல்தான் வருகிறது.

பொங்கலுக்கு ஒட்டாவாவில் என் கல்லூரி நண்பன் கூப்பிட்டிருந்தான். 450 கிலோமீட்டர், நாலு நாள். கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டினதும் உங்கள் குரல் காதில் விழுந்தது: "லைட்டு, ஃபேனு, கேஸு பாத்தியா?" மின்கட்டணம் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டிவிடுமோ என்று மாதக் கடைசியில் மீட்டர் பெட்டிக்கு முன்னால் டார்ச்சுடன் நிற்கும் உங்கள் முகமும் கூடவே வந்தது. திரும்பி உள்ளே போனேன். எல்லா விளக்கையும் அணைத்தேன். அப்புறம் கேஸில் ஓடி வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸையும் அணைத்தேன். ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குச் சூடு?

வெளியே மைனஸ் 18.

திரும்பி வந்து கதவைத் திறந்தால், வீட்டுக்குள்ளேயே வாயிலிருந்து ஆவி வருகிறது. ஃபர்னஸைப் போட்டுவிட்டுக் காபி போடலாம் என்று குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை. எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. மன்னார்குடிக்காரன்தானே, இங்கேயும் முனிசிபாலிட்டி தண்ணீர் விடுகிற நேரம் என்று ஒன்று இருக்கும்போல என்று நினைத்து, வரும்போது வரட்டும் என்று குழாயைத் திறந்தே வைத்து, அடியில் பக்கெட்டையும் வைத்தேன். வீணாகக் கூடாதே!

வந்தது. குழாயில் அல்ல. இரவு பதினொன்றுக்கு, வீடு சூடேறி, குழாய்க்குள் இறுகிக் கிடந்த பனி இளகினதும், மாடிக் குளியலறைச் சுவருக்குள்ளிருந்து வந்தது. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் பருக்கும் என்று எட்டாவதில் படித்தேன், மார்க்கும் வாங்கினேன். செம்புக் குழாய் நீளவாக்கில் வெள்ளரிப்பழம் மாதிரி வெடித்திருந்தது. கூடத்துக் கூரைப் பலகை ஊறித் தொங்கி, அப்படியே சோபாவின் மேல் உட்கார்ந்தது. ஜனவரியில் குற்றால சீசனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியாது. குடிவந்து மூன்று வருஷமாகிறது. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணனைக் கதவு தட்டி எழுப்பினேன். அவர் சாரத்தின் மேல் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, நேரே பேஸ்மென்டில் இறங்கி வால்வை மூடினார். மூடிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏன் தம்பி, ஹீட்டரை நிப்பாட்டிப்போட்டோ போனனீர்?" அவர் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. ஊருக்குப் போனால்கூட 15 டிகிரியில் வைத்துவிட்டுத்தான் போவாராம்.

காப்பீடு இருக்கிறதே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஒரு ஆள் வந்தார், மிகவும் மரியாதையானவர். மூன்று கேள்விதான் கேட்டார். ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருந்ததா? இல்லை. தினமும் யாராவது வந்து பார்த்தார்களா? இல்லை. மெயினை மூடிக் குழாயிலிருந்த தண்ணீரை வடித்துவிட்டுப் போனீர்களா? இல்லை. குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் இந்த மூன்றில் ஒன்றாவது செய்திருக்க வேண்டுமாம், பாலிசியில் எழுதியிருக்கிறது. அவர் பேனாவை மூடிவிட்டார்.

அப்பா, அந்த மூன்றாவது கேள்வியில்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாம் பழனிக்குப் போனாலும் சரி, தஞ்சாவூர் கல்யாணத்துக்குப் போனாலும் சரி, நீங்கள் கரண்ட் மெயினை இறக்கின கையோடு மொட்டை மாடிக்கு ஏறி, தொட்டி வால்வையும் மூடுவீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அம்மா கீழே நின்று கத்துவாள். அதிலும் பாதியைத்தான் நான் கற்றுக்கொண்டிருக்கிறேன். முழுசாக உங்களைப் போலவே கஞ்சனாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

அப்புறம் நடந்ததை எழுதினால் உங்களுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், சுருக்கமாகச் சொல்கிறேன். சுவர் காய வேண்டும் என்று ஆறு பெரிய ஃபேன்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆறும் ராத்திரி பகலாக ஐந்து நாள் ஓடின. ஜனவரி மாதம், வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே ஆறு ஃபேன். அதற்கு நாள் வாடகை, அது தின்னும் கரண்டும் என்னுடையது. அறையை விட்டு வெளியே போனால் சுவிட்சை நோக்கி என் கை தானாகப் போகும். "தொடக் கூடாது" என்று அதன் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். நம் ஊரில் பிளம்பர் ஒரு டீயும் ஐந்நூறு ரூபாயும் வாங்கிக்கொண்டு முடித்திருப்பார். இங்கே பிளம்பர் வாசலில் வண்டியை நிறுத்தினாலே ஒரு தொகை. உள்ளே வந்தால் மணிக்கணக்கு. கடைசியில் எல்லாவற்றின் மேலும் 13 சதவீதம் வரி.

நாலு நாளில் நான் மிச்சம் பிடித்த கேஸ் சுமார் 20 டாலர். ஆன செலவு 7,400 டாலர். ரூபாயில் நாலு லட்சத்துக்கு மேல். உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள்தானே?

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. வால்வுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து, பக்கத்தில் தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். யாழ்ப்பாணத்து அண்ணனுக்கு ஒரு சாவி கொடுத்தாயிற்று.

அம்மாவிடம் இதையெல்லாம் தாராளமாக வாசித்துக் காட்டுங்கள், சிரிப்பாள். தொகை வருகிற இடத்தில் மட்டும் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டு வாசியுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்