பெட்டிப் பட்டியல்: மூலமும் உரையும் இடைச்செருகலும்

வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் தமிழ்க் குடும்பங்களில் அதிகம் எழுதப்படுவதும் சிறிதும் ஆராயப்படாததுமான இலக்கிய வகை, பெட்டிப் பட்டியல். பரணி, உலா, தூது என்று சிற்றிலக்கியங்களை 96 வரை எண்ணிக்கொண்டு போன மரபு, இதை மட்டும் விட்டுவிட்டது. அன்றைக்கு 23 கிலோ வரம்பு இல்லாதது காரணமாகலாம்.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு முதுகலை படிக்கப் போகிறவர் வீட்டுப் பட்டியல் மட்டுமே இங்கு ஆய்வு எல்லை. துபாய் மரபு வேறு. அதில் கசகசா காணப்படுவதில்லை. அதை ஏட்டுச் சிதைவு என்று கருதுவது தவறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை உண்டு.

ஏடு: கல்லூரியில் பாதி எழுதி மிஞ்சிய லாங் சைஸ் நோட்டு.

யாப்பை விமான நிறுவனங்கள் வகுத்திருக்கின்றன. அமெரிக்கா செல்லும் பல விமானங்களில் சாதாரண வகுப்புக்குப் பெட்டி இரண்டு, ஒவ்வொன்றும் 23 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். கைப்பெட்டி ஏழு அல்லது எட்டு கிலோ. 23-ஐத் தாண்டினால் பணம் கட்டலாம். 32-ஐத் தாண்டிய ஒற்றைப் பெட்டியைப் பணம் கொடுத்தாலும் பொதுவாக ஏற்பதில்லை. அதைத் தூக்கும் ஊழியருக்கும் முதுகு உண்டு. தளை தட்டினால் புலவர்கள் மன்னித்ததாகச் செய்தி உண்டு. கவுன்ட்டரில் அப்படிச் செய்தி இல்லை.

கால நிர்ணயத்தில் இரு கட்சிகள். பல்கலைக்கழகம் ஐ-20 படிவம் அனுப்பிய நாளிலேயே பட்டியல் தொடங்கிவிட்டது என்பது முன்னோர் கட்சி. ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்தில் விசா நேர்காணல் முடிந்த மாலையில்தான் முதல் வரி எழுதப்பட்டது என்பது பின்னோர் கட்சி; அதற்கு முன் எழுதினால் கண்பட்டுவிடும் என்பது அவர்கள் காட்டும் அகச்சான்று (பாட்டி, வாய்மொழி). வேறுபாடு சில வாரங்கள்தான். தொல்காப்பியரை நூற்றாண்டு நூற்றாண்டாக முன்னும் பின்னும் நகர்த்திப் பழகிய துறைக்கு இது ஒரு பொருட்டில்லை.

ஆசிரியர் யார் என்பதே பெரிய சிக்கல். கையெழுத்தை ஒப்பிட்டால், பயணி எழுதியவை என ஐயமின்றிக் கொள்ளத்தக்கவை நான்கே: லேப்டாப், சார்ஜர், சான்றிதழ்கள், ஜாக்கெட். மற்றவை எல்லாம் இடைச்செருகல். குக்கர், அதற்கு இரண்டு உபரி காஸ்கட், இட்லித் தட்டு, விபூதி, தைலம், ஊசிநூல், பருப்புப்பொடி எனப் பிற்காலக் கைகள் ஓரங்களிலும் வரிகளுக்கு நடுவிலும் புகுந்து, மூலத்தைத் தேடித்தான் படிக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டன.

இவற்றுள் பருப்புப்பொடிச் சிக்கல் விரிவான ஆய்வுக்குரியது. முதல் பக்கத்தில் ‘பருப்புப்பொடி ½ கிலோ’ என நீல மையில் இருக்கிறது. பாதிக் குறிக்கு இடப்புறம் கருப்பு மையில் ஒரு செங்குத்துக் கோடு. இதை ‘1½’ என்று வாசிப்பதா, பேனா வழுக்கிய தடம் என்று தள்ளுவதா? வழுக்கியதே என்பார் அம்மா (சமையலறை வாய்மொழி). கோடு நேராகவும் அழுத்தமாகவும் இருப்பதால் அக்கூற்று ஏற்புடையதன்று என்பார் கீழ்வீட்டு மாமி (மாடிப்படி உரையாடல், பால் பாக்கெட் எடுக்கும் நேரம்). அங்கே எல்லாம் கிடைக்கிறது, எதற்கு இத்தனை என்று இரண்டு வாசிப்பையும் மறுக்கிறார் நியூஜெர்சிச் சித்தி (வாட்ஸ்அப் குரல்பதிவு, முதற்பகுதி). அதே பதிவின் பிற்பகுதியில், வருவதுதான் வருகிறாய், எனக்கும் கொஞ்சம் போடச் சொல் என்ற தொடர் கேட்கிறது. ஆனால் அங்கே குக்கர் விசில் குறுக்கிடுவதால் ‘கொஞ்சம்’ என்பதன் அளவு தெளிவாகவில்லை (மேற்படி, மூன்றாம் விசிலுக்குப் பின்; பெரியப்பா படியெடுத்தது; அவர் காதுக்கருவி அன்று மேசைமேல் இருந்ததாக மருமகளின் மறுப்புரை, பக்கத்து அறையிலிருந்து).

கடினமான பாடமே மூலப்பாடம் என்பது சுவடியியலில் புகழ்பெற்ற விதி. அவ்விதிப்படி ஒன்றரையே மூலம். பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர் எவரும் இதை மறுக்கவில்லை. இதற்கு எதிராக எழுதப்படும் கட்டுரைகளும் வெளியாகும். கருத்தரங்கக் கட்டணம் செலுத்தினால் போதும்.

உரையாசிரியர் அப்பா. முதல் பக்கத்துக் கம்பளியை நான்காம் பக்கத்துக் குக்கரோடு சேர்ப்பார். குக்கருக்குள் கரண்டிகள், கரண்டிகளின் இடுக்கில் காலுறைகள், காலுறைக்குள் காஸ்கட். எங்கோ கிடக்கும் சொல்லை வேறெங்கோ கிடக்கும் சொல்லோடு மாட்டிப் பொருள் சொன்னார் என்று நச்சினார்க்கினியரைக் கடிந்துகொள்ளும் பேராசிரியர்கள் ஒருமுறைகூடப் பெட்டி கட்டியதில்லை போலும். பத்துப்பாட்டுக்கு அவர் செய்தது அப்படியே பெட்டி கட்டும் வேலைதான். இடம் மிஞ்சியது.

சில சொற்களை அரசுகளே நீக்கிப் பதிப்பிக்கின்றன. பச்சைக் கறிவேப்பிலையைப் பயணி அமெரிக்காவுக்குள் கொண்டுபோக முடியாது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே தாவரக் குடும்பம்; ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும். 2005-இல் புளோரிடாவில் கண்டறியப்பட்ட அந்நோய் அங்கு ஆரஞ்சு விளைச்சலைச் சரித்துப்போட்டது. ‘ஒரே ஒரு கொத்து, துணிக்கு நடுவில்’ என்னும் ஓரக்குறிப்பை நீக்கியே பதிப்பிக்க வேண்டும். உணவு எதுவாயினும் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. பொடிகளுக்குப் பெரும்பாலும் வழி விடுவார்கள், மறைத்தால் அபராதம்.

கொப்பரையின் வழக்கு விசித்திரமானது. எண்ணெய்ப் பசையால் சூடேறித் தானே தீப்பற்றக்கூடும் என்பதால், ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. பட்டியலில் அதற்கு 1363 என்ற எண்ணும் 4.2 என்ற வகுப்பும் தரப்பட்டிருக்கின்றன. திருமண வீட்டில் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கும் தேங்காயின் உறவினருக்கு இப்படி ஒரு சர்வதேசத் தகுதி இருப்பது பட்டியல் எழுதியவர் எவருக்கும் தெரிந்ததாகச் சான்றில்லை.

மிக்சி பற்றி ஒரு குறிப்பு. இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வீட்டு மிக்சியை அங்கே செருகினால் சட்னி அரைபடுவதற்குள் கல்யாணச் சமையலே முடிந்துவிடும். இதற்கென்றே 110 வோல்ட் மிக்சியைத் தமிழ்நாட்டுக் கம்பெனிகள் தயாரித்து விற்கின்றன. பட்டியலில் ‘மிக்சி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது முற்காலப் பாடம். ‘110 மிக்சி’ என்றிருந்தால், ஏற்கெனவே ஒரு பிள்ளையை அனுப்பிய வீட்டார் திருத்தியது என்று துணியலாம்.

எடைபார்த்தல் குறித்த செயல்முறை ஆய்வுகள் மூன்று முறைகளைக் காட்டுகின்றன. பெட்டியை ஏந்தி ஆள் தராசில் ஏறி, பிறகு ஆளின் எடையைக் கழிப்பது முதலாவது. இதில் ஆளின் உண்மையான எடை தெருவுக்குத் தெரிந்துவிடும் என்ற பக்க விளைவு உண்டு. கொக்கித் தராசு இரண்டாவது. தூக்கிப் பிடித்த கை நடுங்குவதால் எண் நிற்காது. பழைய பேப்பர் கடைத் தராசு மூன்றாவது. முதலிரண்டில் 22.6 காட்டிய பெட்டி இங்கே 21 காட்டும். காரணம் அந்தத் தொழிலை அறிந்தோர்க்கு வெளிப்படை. ஆனால் அந்த மகிழ்ச்சியில் வீட்டார் மேலும் இரண்டு கிலோ சேர்ப்பதும், மீனம்பாக்கத்தில் பெட்டியைத் தரையில் விரித்து ஊறுகாயை வெளியே எடுப்பதும் அதன் வழிவந்தவை (கள ஆய்வு, புறப்பாடு முனையம், நள்ளிரவு, தகவலாளி அழுதுகொண்டிருந்ததால் முழு நேர்காணல் அமையவில்லை).

திரும்பிவரும் பெட்டியின் பட்டியல் வேறொரு மரபு: பாதாம், சாக்லெட், வைட்டமின் மாத்திரை, உறவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாசனைத் திரவியம். அதில் பருப்புப்பொடி டப்பா காலியாக வருகிறதா, அல்லது சித்தி வீட்டிலேயே நின்றுவிடுகிறதா என்பதை நேரில் கண்டறிய நியூஜெர்சிக்கு இரு ஆய்வாளர்களை அனுப்பும் நிதிநல்கை விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில், ஆய்வுக் கருவிகள் என்ற தலைப்பின்கீழ், 110 வோல்ட் மிக்சி ஒன்றும் கேட்கப்பட்டிருக்கிறது.